கயிறு கட்டாமல் பலகை போடாதீர்கள்

மாரி ஓய்ந்து நாலு நாள் தொடர்ந்து வெயில் எறித்தால் எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு வேலை தொடங்கும். வெள்ளத்துக்குப் பயந்து மேல்மாடிக்கு ஏற்றிய சாமான்களை இறக்கும் வேலை. நெல் மூட்டை, தையல் மெசின், பிரிட்ஜ், அலுமாரி என்று ஒவ்வொன்றாகப் படியிறங்கும். ஏற்றும்போது முற்றத்தில் தண்ணீர் நிற்கும், அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஓடிவந்து கைகொடுப்பார்கள். இறக்கும்போது அவரவர் வேலைக்குப் போயிருப்பார்கள். வீட்டிலிருக்கிற இரண்டு மூன்று பேர்தான் படிக்கட்டின் மேல் பலகையைப் போட்டு, பாரமான சாமானை அதில் சறுக்கி இறக்கப் பார்ப்பார்கள். "இறக்கிறதுதானே, தானா வரும்" என்ற எண்ணம் வேறு. தானாக வருவதுதான் ஆபத்து. நான் நேரில் கண்ட காயங்கள் எல்லாம் இறக்கும்போது வந்தவை.

நான் மட்டக்களப்புக் கல்லடியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். 'கரடான சாய்தளம் ஒன்றின் மீது வைக்கப்பட்ட குற்றி' என்று தொடங்கும் கணக்கு வருடா வருடம் கரும்பலகையில் வரும். பிள்ளைகள் விசைகளைக் குறித்து, உராய்வைக் கழித்து, விடையும் சரியாக எழுதுவார்கள். பிறகு வீட்டுக்குப் போய் அதே குற்றி முதிரை மரத்து அலுமாரியாக மாடிப்படியில் வரும்போது அதன் கீழே போய் நிற்பார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கயிறு பிடிக்கிற விசயங்களை எனக்குக் காட்டித் தந்தவர் என் மாமா. அவர் ஓடாவி வேலை, அதாவது தச்சு வேலை, செய்தவர், படித்தது குறைவு. கரும்பலகையில் நான் எழுதும் கணக்கும் அவர் கையால் செய்ததும் ஒன்றுதான் என்று எனக்கு விளங்க நாளெடுத்தது.

எங்கள் கரையோரத்தில் மாடி வீடு ஏன் பெருகியது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் எழுவான்கரை நிலம் ஒடுங்கிக் கிடக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழர் முஸ்லிம்கள் இரு பகுதியாரிடமும், வீடு பெண்பிள்ளைக்குப் போகிற வழக்கம். இருக்கிற வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டால் இளையவளுக்கு அதே காணியில் மேலேதான் கட்ட வேண்டும். 2004 சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம் இரண்டையும் கண்ட பிறகு, முடிந்தவர்கள் எல்லாரும் மேலே ஓர் அறையாவது போட்டுவிட்டார்கள். காத்தான்குடி, மருதமுனை, கல்முனைப் பக்கம் காணி இன்னும் சிறிது. ஆக, கலியாணம் வந்தாலும் வெள்ளம் வந்தாலும் பாரமான தளபாடம் படியேறி இறங்கும். படிக்கட்டுக்கு ஒதுக்கிய இடமோ வீட்டோரத்தில் மூன்றடி அகலம். கைபிடி பிறகு போடலாம் என்று விட்டது பல வீடுகளில் அப்படியே நிற்கிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன். ஒரு படி 7 அங்குல உயரம், 10 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 35 பாகைச் சரிவு. மேல்தளம் 10 அடி உயரத்தில் இருந்தால் 17 படி வரும். அநேகமாக நடுவில் ஒரு லாண்டிங், அதாவது படி திரும்பும் மேடை, இருக்கும். அதனால் மேடைக்கு மேலும் கீழுமாக இரண்டு தட்டுப் படி, ஒரு தட்டுக்கு 5 அடி இறக்கம்.

120 கிலோ அலுமாரி ஒன்றை இந்தச் சரிவில் பலகை போட்டு வைத்தால், சரிவு வழியே கீழே இழுக்கிற விசை கிட்டத்தட்ட 69 கிலோ பாரத்துக்குச் சமன். பலகையும் அலுமாரியும் உரசுவதால் அதில் ஒரு பங்கு குறையும். உரசல் எவ்வளவு பிடிக்கும் என்பதைக் காட்டும் எண்ணை உராய்வுக் குணகம் என்போம், காய்ந்த மரத்தோடு மரம் உரசினால் அது 0.25 முதல் 0.5 வரை இருக்கும். 35 பாகையில் ஒரு பொருள் தானாக நிற்க அது 0.7 ஆக இருக்க வேண்டும். எனவே மரப்பலகையில் மர அலுமாரி ஒருபோதும் தானாக நிற்காது, நழுவியே தீரும். குணகம் 0.3 என்று எடுத்தால் மிஞ்சுவது 40 கிலோ. அந்த 40 கிலோவை இறங்கி முடியும் மட்டும் யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒன்று பிடித்தபடி இருக்க வேண்டும்.

பிடி விட்டால் என்ன நடக்கும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 அடி இறக்கமுள்ள அந்த ஒரு தட்டை அலுமாரி கடக்க எடுப்பது ஒன்றேகால் விநாடி சொச்சம். அடியில் வந்து சேரும்போது வேகம் மணிக்கு 15 கிலோமீற்றர் அளவு. சைக்கிள் ஓடுகிற வேகம்தான், ஆனால் வருவது 120 கிலோ. கீழே நிற்கிறவருக்குப் பின்னால் சுவர், பக்கத்தில் சுவர், காலடியில் படி. ஒன்றேகால் விநாடியில் அவர் எங்கே போவார்?

பலகை போடுவது நல்ல யோசனைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. படிப்படியாக இறக்கினால் ஒவ்வொரு படிக்கும் 7 அங்குலம் விழுந்து விழுந்து அலுமாரியின் காலும் படியின் விளிம்பும் உடையும். கையில் தூக்கி இறக்கினால் பாரத்தின் பெரும்பங்கு கீழே பிடிக்கிறவர் மேல்தான் சாயும், மேலே இருப்பவர் பெயருக்குத்தான் பிடித்திருப்பார். பலகை இந்த இரண்டையும் இல்லாமல் செய்கிறது. ஆனால் முட்டி முட்டி வந்தபோது படி கொடுத்த தடையையும் பலகை சேர்த்தே எடுத்துவிடுகிறது. அந்தத் தடையைக் கயிற்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலகை மட்டும் போட்டால் முன்பிருந்ததைவிட மோசமான நிலைமையில்தான் நிற்கிறோம்.

பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2 அங்குலத் தடிப்பு, 9 அங்குல அகலத்தில் இரண்டு பலகை. 5 அடி இறக்கத்துக்குச் சரிவின் நீளம் 9 அடிக்குக் கிட்ட வரும், ஆகவே 10 அடிப் பலகையை எடுத்து அளவுக்கு வெட்டலாம். மேசன்மார் சாரத்துக்குப் பாவிக்கும் பலகை கிடைத்தால் போதும். ஆனால் கணு விட்டிருக்கிறதா, வெடிப்பு ஓடியிருக்கிறதா, ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். பலகை எல்லாப் படிகளின் விளிம்பிலும் ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். அப்படிப் படுத்தால் பாரத்தைப் படிகள் தாங்கும், பலகை வளையாது. மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை என்று அந்தரத்தில் நின்றால் நடுவில் முறியும். இரண்டு பலகையையும் அடிப்பக்கமாகக் குறுக்குச் சட்டம் அடித்து ஒன்றாக்கிவிட்டால் விலகிப் போகாது. அந்தச் சட்டங்களைப் படிகளுக்கு இடையில் வரும்படி அடித்தால், பலகை கீழே நழுவப் பார்க்கும்போது அவை படியில் முட்டி நிறுத்தும்.

பலகையின் அடி முனைக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையில் ஒரு கட்டையைக் கிடத்தி முட்டுக் கொடுங்கள். சுவர் தூரமென்றால் உரப்பையில் மணல் நிரப்பி அடுக்குங்கள். மேல் முனை தளத்தோடு சரிசமனாக முடிய வேண்டும். ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றாலும் அலுமாரி அதில் ஏறிக் கவிழப் பார்க்கும்.

சவர்க்காரம், தேங்காயெண்ணெய், மெழுகு எதையும் பலகையில் பூச வேண்டாம். மட்டமான தரையில் இழுக்கும்போது அது உதவி. இந்தச் சரிவில் வழுக்கலை நாம் கூட்டத் தேவையில்லை. பழைய சாக்கை அலுமாரிக்கும் பலகைக்கும் நடுவில் விரித்தால் பிடிமானம் கூடும், பொலிசும் கீறுப்படாது. மழைத்தூறல் இருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். சில்லு வைத்த தள்ளுவண்டியில் ஏற்றிப் பலகையில் விடுகிறவர்களும் உண்டு. சில்லுக்கு உராய்வு மிகக் குறைவு, அப்போது 40 கிலோ இருந்த இழுவை 69 கிலோவுக்குப் போய்விடும்.

இனிக் கயிறு. எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

மாமாவோடு முதன்முறை அலுமாரி இறக்கப் போனபோது நான் இரண்டு காலையும் ஊன்றிக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் கையிலிருந்து அதை வாங்கி, மேல்மாடி விறாந்தைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்ச முனையை என்னிடம் தந்தார். "கயித்த நீ பிடிக்காத மனே, தூண் பிடிக்கட்டும். நீ இளக்கி மட்டும் விடு" என்றார். அலுமாரி தளத்து விளிம்பைத் தாண்டிச் சரிவில் சாய்ந்தது. கயிறு தூணில் 'கிறீச்' என்று ஒருமுறை இறுகியது. என் கையில் பாரமே தெரியவில்லை. கொஞ்சம் தளர்த்தினால் ஒரு சாண் இறங்கியது, தளர்த்துவதை விட்டால் நின்றது. நடுவழியில் மாமா கயிற்று முனையை என்னோடு இருந்த சின்னப் பிள்ளையிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அவளும் பிடித்தாள். அலுமாரி அசையாமல் நின்றது.

இதன் கணக்கு நம்ப முடியாத அளவுக்கு அழகானது. ஒரு தூணைச் சுற்றிய கயிற்றில், ஒவ்வொரு சுற்றுக்கும் பிடிக்க வேண்டிய விசை பல மடங்கு குறைகிறது. கூட்டிக் கழித்துக் குறைவதில்லை, பெருக்கலாகக் குறைகிறது. உராய்வுக் குணகம் 0.3 என்று எடுத்தாலே முழுச் சுற்று ஒன்றுக்கு ஆறரை மடங்கு. அந்த 40 கிலோ இழுவை ஒரு சுற்றில் 6 கிலோவாகும். இரண்டு சுற்றில் ஒரு கிலோவுக்கும் கீழே போய்விடும். தூண் தடித்ததா மெலிந்ததா என்பது இந்தக் கணக்கில் வராது, எத்தனை சுற்று என்பதுதான் வரும். கப்பலைத் துறைமுகத்தில் கட்டுகிறவர்கள் கரையில் நிற்கும் குட்டைத் தூணைச் சுற்றிக் கயிறு போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

எதில் சுற்றுவது என்று பார்த்துச் செய்ய வேண்டும். கொங்கிறீட் தூண் நல்லது. சதுரத் தூணென்றால் மூலைகளில் பழைய சைக்கிள் ரியூப்பையோ சாக்கையோ மடித்து வையுங்கள், இல்லாவிட்டால் கயிறு அறுந்துவிடும். படிக்கட்டுக் கைபிடி, யன்னல் கிறில், கதவு நிலை இவற்றில் ஒருபோதும் சுற்ற வேண்டாம். அவை ஆள் சாய்வதற்கோ அடைப்பதற்கோ செய்தவை. எங்கள் உப்புக் காற்றில் கிறிலின் அடிக்கம்பி உள்ளுக்குள் கறள் பிடித்திருக்கும், பெயின்ற் அதை மறைத்துக்கொண்டிருக்கும். தூணே இல்லாத வீட்டில் மாமா வேறொன்று செய்வார். படிக்கு நேரே இருக்கும் அறை வாசலின் உட்புறத்தில், வாசலைவிட இரண்டு பக்கமும் ஒவ்வொரு முழமாவது நீண்ட தடித்த கட்டையைச் சுவரோடு சுவராகக் குறுக்கே கிடத்தி, அதன் நடுவில் கயிற்றைச் சுற்றுவார். இழுவை முழுவதும் வாசலின் இருபக்கச் சுவருக்கும் பகிர்ந்துவிடும்.

கயிறு 12 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. கிணற்றடியில் கிடந்த தும்புக்கயிறு வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உக்கியிருக்கும், முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். நைலோன் கயிறு பலம்தான், ஆனால் இழுபடும். இழுபட்ட கயிறு அறுந்தால் சவுக்குப் போல் திரும்பி அடிக்கும், ஆகையால் கயிறு போகும் நேர்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம். மலிவான பிளாஸ்ரிக் கயிறு தூணில் உரசிச் சூடேறி உருகும், அதை வேகமாக விடவே கூடாது. எந்தக் கயிறானாலும் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். பாரம் போனால் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

அலுமாரியில் கட்டும்போது நடுவில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டால் அது மேலே உருவி வந்துவிடும். கீழே போகப்போகிற அடிப்பாகத்தை ஏந்திப் பிடிப்பதுபோல் கயிற்றைக் கொடுத்து, இரண்டு பக்கமும் மேலே கொண்டுவந்து இணைத்து, நடுவில் ஒரு குறுக்குக் கட்டுப் போட்டால் உருவாது. மூன்றடிப் படியில் நாலடி அகல அலுமாரியை முதுகில் கிடத்தினால் போகாது. பக்கவாட்டில் சாய்த்துக் கிடத்துங்கள். பக்கப் பலகைதான் அதில் பலமானதும்கூட. லாச்சிகளைக் கழற்றி எடுத்துவிடுங்கள். கண்ணாடிக் கதவைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், முடியாவிட்டால் போர்வை சுற்றிக் கட்டுங்கள். பழைய ஓடாவிமார் செய்த பெரிய அலுமாரிகள் சிலவற்றில் மேல் முடியும் அடிப்பீடமும் தனியாகக் கழன்றுவிடும். இறக்குவதற்கு முன் ஆப்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது நல்லது, பாரத்தில் ஒரு பங்கு அங்கேயே குறையலாம்.

கயிறு இறுகிய பிறகுதான் அலுமாரி தளத்து விளிம்பைத் தாண்ட வேண்டும். பலர் அதை விளிம்பு வரை தள்ளிக்கொண்டுவந்து, சாயத் தொடங்கிய பிறகு கயிற்றைப் பிடிக்கிறார்கள். அந்த ஒரு கணத்தில் தளர்ந்து கிடக்கும் கயிறு இரண்டடியாக இருந்தாலும் அலுமாரி இரண்டடி ஓடித்தான் நிற்கும், அந்த வெட்டில் முடிச்சோ கயிறோ போய்விடும்.

பிரிட்ஜுக்கு இன்னும் இரண்டு விசயம். பின்பக்கக் குழாயில் பாரம் படாமல் பக்கவாட்டில் சாய்த்து, கதவை நாடாவால் சுற்றிக் கட்டுங்கள். கீழே கொண்டுவந்து நிமிர்த்தியதும் உடனே கரண்ட் கொடுக்க வேண்டாம். சரிந்து கிடந்தபோது கொம்பிரசர் எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும், அது திரும்பி வர சில மணி நேரம் விடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் ஒன்றைச் செய்யாவிட்டால் பயனில்லை. கீழே ஆள் நிற்கக் கூடாது. இதை எழுதும்போது எனக்குக் கோபமும் வருகிறது. எங்கள் ஊர்களில் கீழே நிற்கச் சொல்வது யாரை? புது மருமகனை, அல்லது பக்கத்து வீட்டு இளந்தாரியை, அல்லது சந்தையடியிலிருந்து கூலிக்குக் கூட்டிவந்த, மூட்டை தூக்குகிற நாட்டாமையை. "தம்பி, நீதான் பலமான ஆள், கீழ பிடி" என்றால் மாட்டேன் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் வராது. வீட்டுக்காரர் மேலே நின்று "மெள்ள, மெள்ள" என்பார். எங்கள் குறுக்கு வீதியில் டைல்ஸ் பதிக்கிற ஒரு தம்பி இப்படித்தான் பிரிட்ஜின் கீழே நின்றார். முழங்கால் சுவருக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் போனது. எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் டைல்ஸ் வேலை முழுவதும் முழங்காலில் இருந்து செய்கிற வேலை. அவர் இப்போது அந்தத் தொழிலில் இல்லை. பிரிட்ஜ் இன்றைக்கும் ஓடுகிறது.

ஐந்து பேரல்ல, பத்துப் பேர் கீழே நின்றாலும் மணிக்கு 15 கிலோமீற்றரில் வரும் 120 கிலோவைக் கையால் நிறுத்த முடியாது. கயிறு பிடித்தால் கீழே ஆள் தேவையில்லை, கயிறு பிடிக்காவிட்டால் கீழே நிற்கும் ஆளால் பயனில்லை. பக்கமாகத் திருப்ப வேண்டுமென்றால் மேல்பக்கத்தில் நின்று ஒரு தடியால் தள்ளலாம். இடையில் சிக்கிக்கொண்டால் கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு, அது நிற்கிறது என்று பார்த்துவிட்டு, மேலிருந்துதான் எடுத்துவிட வேண்டும். கீழே பழைய மெத்தையோ டயரோ போட்டுவிட்டு, படியடிக் கதவைச் சாத்திப் பிள்ளைகளை உள்ளே வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதே பலகையில் சக்கர நாற்காலியை இறக்கிய வீட்டைக் கண்டிருக்கிறேன். நாற்காலியில் அம்மம்மா இருந்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. 10 அடி மாடிக்கு அது 120 அடி. படிமேல் போட்ட பலகை அந்த அளவுக்குக் கிட்டவும் வராது. நடக்க முடியாத பெரியவர்களைக் கீழ்வீட்டில் வைத்துக்கொள்வதுதான் சரி, மேலே இருப்பது யார் சீதன வீடென்றாலும்.

வளைந்து சுழலும் படி, நடுவில் முக்கோணப் படிகள் உள்ள படிக்கட்டு, இவற்றில் பலகை போட முயற்சிக்க வேண்டாம். அங்கே கழற்றிப் பாகம் பாகமாக இறக்குவதுதான் வழி.

இப்போது மேல்மாடி கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. படி ஏறி முடிகிற இடத்தில், மேல்தளத்து மூலையில், கைபிடிக்காக எப்படியும் ஒரு தூண் வைப்பீர்கள். அதைக் கல் அடுக்கிக் கட்டாமல், கீழே உள்ள பீமுக்குள்ளிருந்தே நாலு கம்பியை மேலே எடுத்துவிடச் சொல்லுங்கள். 6 அங்குலப் பிவிசி குழாயை அச்சாக நிறுத்தி உள்ளே கொங்கிறீட் போட்டால் மூன்றடி உயரத்தில் வட்டத் தூண் கிடைக்கும். மூலை இல்லாததால் கயிறு அறாது. மேசன்மாருக்கு இது பழகிய வேலை, செலவும் பெரிதாக வராது. ஆனால் தளம் போட்ட பிறகு இதைச் செய்ய முடியாது. பீமுக்குக் கம்பி கட்டுகிற நாளில், கொங்கிறீட் வருவதற்கு முன்னால், நீங்களே போய் நின்று அந்த நாலு கம்பியும் மேலே நிற்கிறதா என்று பாருங்கள்.